பச்சை விளக்கோடு வந்த பிழை: 2016 ஜனவரி 26 ஜிபிஎஸ் நேரக் கோளாறு

2016 ஜனவரி 25 அன்று எஸ்விஎன்-23 என்ற ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். 1990 நவம்பர் 26இல் ஏவப்பட்டது அது. பிளாக் 2ஏ வரிசையில் முதல் செயற்கைக்கோள். ஏழரை ஆண்டு ஓடினால் போதும் என்று கட்டியது, 25 ஆண்டு ஓடிவிட்டது. அமெரிக்கக் கொலராடோவில், அன்று விமானப்படைத் தளமாக இருந்த ஷ்ரீவரில் உட்கார்ந்து ஜிபிஎஸ்ஸை இயக்கும் குழுவுக்கு இது புதிய வேலை இல்லை. பழையதை எடுப்பதும் புதியதைச் சேர்ப்பதும் அவர்களுக்கு வழக்கம்தான்.

அதை எடுத்த சில மணி நேரத்தில், உலகம் முழுக்க ஜிபிஎஸ்ஸை நம்பி ஓடும் கடிகாரங்களில் ஒரு பகுதி 13.7 மைக்ரோ விநாடி (மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தள்ளிப் போயிற்று. அது ஏறத்தாழ 13 மணி நேரம் நீடித்தது. பிரிட்டனில் டிஜிட்டல் வானொலி ஒலிபரப்பு தடைபட்டது. பல இடத்துக் கடிகாரங்களை ஒன்றாக ஓடவைக்கும் நேர ஒத்திசைவுக் கருவிகளைப் பராமரிக்கும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் தொலைத்தொடர்பு வாடிக்கையாளர்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அலாரம் கொட்டிக்கொண்டே இருந்தது. அதே நேரத்தில் காரில் வழிகாட்டியைப் பார்த்துப் போனவர்களுக்கோ, விமானங்களுக்கோ, கப்பல்களுக்கோ ஒரு குறையும் இல்லை.

நேர ஒத்திசைவு வேலையில் இருப்பவர்கள் இந்தச் சம்பவத்தை இன்னும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஜிபிஎஸ் சிக்னல் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு அன்று எல்லோரிடமும் ஏற்பாடு இருந்தது. சிக்னல் நன்றாக வந்து, அதில் வரும் சேதி தப்பாக இருந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் பலரிடம் ஒன்றும் இல்லை.

விநாடி எப்படி வந்து சேர்கிறது

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரங்கள் உண்டு. அவை எல்லாம் சேர்ந்து காட்டுவது ‘ஜிபிஎஸ் நேரம்’. இது 1980 ஜனவரி 6இல் தொடங்கி இடைவெளியில்லாமல் எண்ணிக்கொண்டே போகும் கணக்கு. பூமியின் சுழற்சிக்கு ஏற்ப அவ்வப்போது சேர்க்கும் லீப் விநாடி அதில் கிடையாது. நாம் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்துக்கு அடிப்படையான யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் லீப் விநாடி உண்டு. 2016 ஜனவரியில் இரண்டுக்கும் வித்தியாசம் 17 விநாடி.

17 விநாடி என்பது முழு எண். அதற்கு அப்பால் நானோ விநாடிக் கணக்கில் (மைக்ரோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒரு சின்ன வித்தியாசமும் உண்டு. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பராமரிக்கும் யுடிசியும் ஜிபிஎஸ் நேரமும் தனித்தனிக் கடிகாரக் கூட்டங்கள். அவை நூல் பிடித்தாற்போல் ஒன்றாக ஓடாது. எனவே அந்த வித்தியாசத்தையும் அளந்து செயற்கைக்கோள் வழியாகவே அனுப்பிவிடுகிறார்கள். ரிசீவர் அதைக் கழித்துக்கொண்டால் சரியான யுடிசி கிடைத்துவிடும்.

சேதி வருவது நிதானமாகத்தான். பழைய எல்1 சிக்னலில் விநாடிக்கு 50 பிட். முழுச் சேதியும் ஒரு சுற்று வர பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அந்தச் சுற்றில் நான்காம் துணைச்சட்டத்தின் 18ஆம் பக்கத்தில்தான் இந்த யுடிசி எண்கள் வரும். அதில் முக்கியமானது ஏ0, அதாவது இந்தக் கணத்தில் இரு நேரங்களுக்கும் இடையே உள்ள சின்ன வித்தியாசம். ஏ1 என்பது அந்த வித்தியாசம் எந்த வேகத்தில் மாறுகிறது என்பது. லீப் விநாடி எண்ணிக்கையும் அங்கேயேதான்.

ஏ0 சாதாரணமாகச் சில நானோ விநாடிதான் இருக்கும். ஆனால் அதற்கு ஒதுக்கியிருக்கும் இடம் 32 பிட், ஒவ்வொரு படியும் ஏறத்தாழ ஒரு நானோ விநாடி. கணக்குப் போட்டால் இரண்டு விநாடி வரை அதில் எழுதலாம். 13.7 மைக்ரோ விநாடி என்பது அந்தப் பெட்டியில் தாராளமாக அடங்கும் எண். வடிவத்தை மட்டும் பார்க்கும் எந்தச் சோதனையும் அதைப் பிடிக்காது.

அன்று நடந்தது

எஸ்விஎன்-23ஐப் பட்டியலிலிருந்து எடுத்ததும் தரைக் கட்டுப்பாட்டு மென்பொருளில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிழை விழித்துக்கொண்டது. செயற்கைக்கோள்களுக்கு அனுப்ப வேண்டிய யுடிசி எண்களில் ஏ0 தப்பாகப் போயிற்று. தரையிலிருந்து ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் முறை வைத்துத்தான் தகவல் ஏற்றுவார்கள். அதனால் எல்லாம் ஒரே நொடியில் கெடவில்லை. ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று போய், கடைசியில் 15 செயற்கைக்கோள்கள் தப்பான எண்ணை ஒலிபரப்பின. மீதி சரியானதையே சொல்லிக்கொண்டிருந்தன.

இந்திய நேரத்தில் சொன்னால், 26ஆம் தேதி விடிகாலை ஆறு மணி வாக்கில் ஆரம்பம். இங்கே குடியரசு தின விடுமுறை; கொலராடோவில் இன்னும் 25ஆம் தேதி மாலைதான். பயனர்களுக்கு நேரச் சிக்கல் இருப்பது உண்மைதான் என்று அமெரிக்க விமானப்படை உறுதி செய்தது நம் நேரம் பகல் 1.19க்கு. சரி செய்து முடித்தது மாலை 6.40க்கு. ஆக, தப்பு தொடங்கி அதை இயக்குபவர்களே உறுதி செய்ய ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

விமானப்படையின் அறிக்கை மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொன்னது. பழைய எல்-பேண்ட் சிக்னல்களில் வரும் நேரத்தகவல் மட்டுமே பாதிப்பு. இடம் காட்டும் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியிலிருந்து யாரும் குறுக்கிடவோ போலிச் சிக்னல் அனுப்பவோ இல்லை. கடைசியாகச் சொன்னது முக்கியம். ஜிபிஎஸ் நேரத்துக்கு ஆபத்து என்றதும் எல்லோருக்கும் லாரியில் ஜாமரை, அதாவது சிக்னலை அமுக்கும் கருவியை, வைத்துக்கொண்டு போகும் ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். இங்கே கெடுதல் வந்தது அதிகாரபூர்வமான வழியில், முறையான சிக்னலில்.

இடம் ஏன் பிசகவில்லை என்பதைப் பார்த்தால் மொத்தச் சம்பவமும் புரிந்துவிடும். 13.7 மைக்ரோ விநாடியில் ஒளி 4.1 கிலோமீட்டர் போகும். இந்தப் பிழை செயற்கைக்கோளின் சொந்தக் கடிகாரத் திருத்தத்தில் புகுந்திருந்தால் உலகம் முழுக்க வரைபடங்கள் தாறுமாறாகி, சில நிமிடங்களில் ஊரே கூடியிருக்கும். ஆனால் இடத்தைக் கணக்கிட ஜிபிஎஸ் நேரம் மட்டும் போதும். யுடிசி எண்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை; கடைசியில் மணி என்ன என்று காட்டும்போதுதான் ரிசீவர் அவற்றைத் தொடும். கோடிக்கணக்கான பேர் கண் வைத்திருக்கும் பகுதி நன்றாக இருந்தது. சில ஆயிரம் பொறியாளர்கள் மட்டும் கவனிக்கும் பகுதி கெட்டது. ஏழு மணி நேரத் தாமதத்துக்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு ரிசீவரின் வெளியீட்டில் அது எப்படித் தெரியும்

நேர ஒத்திசைவுக்கான ரிசீவர் கைப்பேசியில் இருப்பதிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது. ஆண்டெனாவைக் கூரையில் நிலையாகப் பொருத்தி, இடத்தை ஒரு தடவை துல்லியமாக அளந்து பூட்டிவிடுவார்கள். இடம் தெரிந்த பிறகு ஒரே ஒரு செயற்கைக்கோள் தெரிந்தாலும் நேரம் கிடைக்கும். ஆண்டெனாவிலிருந்து இறங்கும் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோ விநாடி தாமதப்படுத்தும். 30 மீட்டர் கேபிள் என்றால் 150 நானோ விநாடி. அதையும் அமைப்பில் எழுதிக் கழிப்போம். இந்த அளவுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்யும் இடத்தில் 13,700 நானோ விநாடி வந்து விழுந்தால் எப்படி இருக்கும்!

ரிசீவர் விநாடிக்கு ஒரு துடிப்பு தரும். பிபிஎஸ் என்போம். பக்கத்தில் ஒரு ருபீடியம் கடிகாரத்தை (ஒரு வகை அணுக்கடிகாரம்) வைத்து, இரண்டின் துடிப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து வரைபடமாகப் போட்டால், சாதாரண நாளில் சில பத்து நானோ விநாடி அகலத்தில் நெளியும் ஒரு கோடு தெரியும். பாதிக்கப்பட்ட ரிசீவரில் அன்று அந்தக் கோடு திடீரென்று படி ஏறினாற்போல் 13.7 மைக்ரோ விநாடி தாவும். சில ரிசீவர்கள் கடைசியாக எந்தச் செயற்கைக்கோளிடமிருந்து 18ஆம் பக்கம் கிடைத்ததோ அதையே பிடித்துக்கொள்ளும். வானத்தில் பாதி நல்லது, பாதி கெட்டது. அதனால் கோடு தாவும், திரும்ப வரும், மறுபடி தாவும். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், தன் கண்காணிப்பில் இருந்த ஜிபிஎஸ் கடிகாரங்களைப் பிறகு ஆராய்ந்தது. ஒரே வானத்தைப் பார்த்த கடிகாரங்களில் சில தடுமாறின, சில அசையவே இல்லை.

தாவுவதைவிட மோசம் துரத்துவது. பல கருவிகளில் ரிசீவர் துடிப்பை நேராக வெளியே விடமாட்டார்கள். உள்ளே துடிப்புகளை உண்டாக்கும் குவார்ட்ஸ் அலையியற்றியை (ஆஸிலேட்டர்) அதன்படி மெல்ல இழுத்துச் சரி செய்வார்கள். திடீரென்று 13.7 மைக்ரோ விநாடி வித்தியாசம் தெரிந்தால் அந்த மின்சுற்று, அலையியற்றியின் வேகத்தை மாற்றித் துரத்தும். ஆயிரம் விநாடியில் எட்டிப் பிடிக்க வேண்டுமென்றால் அதிர்வெண்ணை நூறு கோடியில் 13.7 பங்கு மாற்ற வேண்டும். செல்போன் நிலையத்துக்கு அனுமதித்த மொத்த அதிர்வெண் பிழையே நூறு கோடியில் 50 பங்குதான். அதில் கால் பங்குக்கு மேல் இந்தத் துரத்தலிலேயே போய்விடும். நேரமும் தப்பு, போகிற வழியில் அதிர்வெண்ணும் தப்பு.

யாருக்கு வலித்தது

வலி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவு. 4ஜி செல்போனின் எல்டிஇ டிடிடி முறையில் ஒரே அலைவரிசையில் டவரும் கைப்பேசியும் மாறி மாறிப் பேசுகின்றன. பக்கத்துப் பக்கத்து டவர்கள் ஒரே நேரத்தில் வாய் திறந்து ஒரே நேரத்தில் காது கொடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொன்றும் 1.5 மைக்ரோ விநாடிக்குள் நிற்க வேண்டும். 13.7 என்பது அதில் ஒன்பது மடங்கு. இன்று இந்தியாவில் 3.5 கிகாஹெர்ட்ஸ் வாக்கில் ஓடும் 5ஜியும் இதே டிடிடி முறைதான், இதே கெடுபிடிதான். அன்றைக்குப் பல நாடுகளில் பெரும்பாலும் ஓடிய, பேசவும் கேட்கவும் தனித்தனி அலைவரிசை வைக்கும் எஃப்டிடி முறைக்கு அதிர்வெண் சரியாக இருந்தால் போதும். அதனால்தான் பல நெட்வொர்க்குகள் அலாரத்தோடு தப்பின.

மின்கட்டமைப்பில் வெவ்வேறு ஊர்த் துணைமின் நிலையங்களில் மின்சார அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒப்பிடும் கருவிகள் இருக்கின்றன. 50 ஹெர்ட்ஸில் 13.7 மைக்ரோ விநாடி என்பது கால் டிகிரி. இந்தக் கருவிகளுக்கான தரம் அனுமதிப்பது ஒரு சதவீதப் பிழை. கோணமாகச் சொன்னால் அது அரை டிகிரிக்குச் சற்று மேல். கால் டிகிரி அதில் பாதியைக்கூடத் தாண்டாது. பிழைத்தார்கள், ஆனால் கையிருப்பில் பாதி காலி.

டிஜிட்டல் வானொலிக்கு வருவோம். பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் ஒலிபரப்பும் அமைப்பு அது. இரண்டு கோபுரச் சிக்னல்கள் முன்பின்னாக வந்தாலும் தாங்க 246 மைக்ரோ விநாடி இடைவெளி விட்டிருக்கிறார்கள். 13.7ஐ அதன் பக்கத்தில் வைத்தால் ஒன்றுமில்லைபோல் தோன்றும். ஆனால் அந்த 246ஐக் கோபுரங்களுக்கு இடையே உள்ள தூரத்துக்கே ஏற்கெனவே செலவழித்திருப்பார்கள். அது போக, இந்த ஒலிபரப்புக் கருவிகளை நேரம் தாவினால் வாயை மூடிக்கொள்ளும்படி அமைப்பது உண்டு. ஒத்திசைவு இல்லாத ஒரு கோபுரம் பக்கத்துக் கோபுரத்தையும் கெடுக்கும் என்பதால். இப்படிப்பட்ட இடத்தில் எத்தனை மைக்ரோ விநாடி என்பதைவிட, தாவியதா இல்லையா என்பதே பெரிது.

அன்று ஓடிய சிடிஎம்ஏ என்ற பழைய வகை செல்போன் நெட்வொர்க்குகள் இதில் சுவாரசியமான விதிவிலக்கு. அவற்றின் நேரமே ஜிபிஎஸ் நேரம்தான். யுடிசி பக்கம் போனதில்லை. அதே ரிசீவரில் துடிப்பை ஜிபிஎஸ் நேரத்தோடு ஒட்டவைப்பதா, யுடிசியோடு ஒட்டவைப்பதா என்று ஒரு அமைப்பு இருக்கும். நிறுவும் நாளில் யாரோ யோசிக்காமல் தொட்டுவிட்டுப் போகும் அமைப்பு. அன்று பிழை உள்ளே வந்ததா வரவில்லையா என்பதைப் பல இடங்களில் அதுவே முடிவு செய்தது.

பல இடங்களில் அலாரம் ஏன் அடிக்கவில்லை

டேட்டா சென்டரில் இருக்கும் நேர சர்வரின் முகப்பில் ஒரு பச்சை விளக்கு உண்டு. ‘பூட்டப்பட்டது’ என்று அர்த்தம். போதுமான செயற்கைக்கோள்கள் தெரிகின்றனவா, சிக்னல் பலம் சரியா, செயற்கைக்கோள்கள் தங்களை ஆரோக்கியமானவை என்று சொல்கின்றனவா, இதைத்தான் அந்த விளக்கு பார்க்கும். அன்று எல்லாமே சரியாக இருந்தன. எனவே விளக்கு பச்சையாகவே எரிந்தது.

நெட்வொர்க் வழியாகவே கடிகாரங்களை ஒத்திசைக்கும் பிடிபி நெறிமுறையில் இது இன்னும் மோசமாகத் தெரியும். நெட்வொர்க்கில் உள்ள தலைமைக் கடிகாரங்கள் தங்கள் தரத்தைத் தாங்களே அறிவிக்கும். ஜிபிஎஸ்ஸோடு பூட்டியிருந்தால் வகை 6, சிக்னல் போய் சொந்த அலையியற்றியில் ஓடினால் வகை 7. யாரைத் தலைவராக ஏற்பது என்று தேர்ந்தெடுக்கும் முறை, இந்த அறிவிப்பை மட்டுமே ஒப்பிடும். அவர்கள் சொல்லும் நேரத்தை ஒப்பிடாது. தப்பான நேரம் சொன்ன கடிகாரம் வகை 6 என்று அறிவித்தது. அதே சமயம் ஆண்டெனா பழுதாகி, வகை 7இல் தன் ருபீடியத்தை நம்பி அமைதியாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் எங்காவது இருந்திருந்தால், அதன் நேரம்தான் சரி. தேர்தலில் தோற்பதும் அதுதான்.

பாதுகாப்புக்கு இரண்டு ரிசீவர் வைத்திருந்தவர்களுக்கும் இது உதவவில்லை. ஒரே மாடல், ஒரே மென்பொருள், ஒரே வானம். பரீட்சையில் ஒரே விடைத்தாளைப் பார்த்து எழுதிய இரண்டு பையன்களின் பதிலை ஒப்பிட்டு, ‘ஒத்துப்போகிறது, சரிதான்’ என்று மார்க் போடுவதுபோல.

கண்டுபிடித்திருக்க முடியுமா

முடியும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஜிபிஎஸ் சிக்னலின் அதிகாரபூர்வ ஆவணமே, லீப் விநாடியை ஒதுக்கிவிட்டால் ஜிபிஎஸ் நேரம் யுடிசியிலிருந்து ஒரு மைக்ரோ விநாடிக்குள் இருக்கும் என்று சொல்கிறது. அப்படியானால் ஒரு மைக்ரோ விநாடிக்கு மேற்பட்ட ஏ0 எதுவும் ஆவணத்துக்கே முரண். ரிசீவர் மென்பொருளில் ஒரே ஒரு ‘என்றால்’ நிபந்தனை போதும். சிலர் அதை எழுதியிருந்தார்கள். அவர்கள் ரிசீவர்கள் அசையவில்லை. மற்றவர்கள் செயற்கைக்கோள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது சாட்சி கருவிக்குள்ளேயே இருந்தது. நல்ல சூடேற்றிய குவார்ட்ஸ் அலையியற்றி ஆயிரம் கோடியில் ஒரு பங்கு பிசகுவதாகவே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டரை நிமிடத்தில் அது தவறுவது 75 நானோ விநாடி. அந்த இடைவெளிக்குள் ரிசீவர் வந்து ‘நீ 13,700 நானோ விநாடி தப்பு’ என்றால், யார் தப்பு என்று அலையியற்றிக்கே தெரிந்திருக்க வேண்டும். அப்போது சந்தேகக் கொடி தூக்கி, சொந்தக் கால்களில் நின்று, ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஜிபிஎஸ் எஜமானன், அலையியற்றி வேலைக்காரன் என்ற உறவில்தான் அந்தச் சுற்றுகளைக் கட்டியிருந்தார்கள்.

மூன்றாவது, மற்ற செயற்கைக்கோள்கள். பாதி ஒரு எண், பாதி இன்னொரு எண் சொல்லும்போது ஒப்பிட்டுப் பார்த்திருந்தாலே நெருடியிருக்கும். மற்ற நாட்டு அமைப்புகளும் உண்டு: ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம் நாவிக் எல்லாம் தங்கள் யுடிசி வித்தியாசத்தைத் தனியே அனுப்புகின்றன. இவற்றில் எதுவும் புனிதமானது இல்லை. 2014 ஏப்ரல் 1-2இல் க்ளோனாஸ் செயற்கைக்கோள்கள் பல மணி நேரம் தப்பான சுற்றுப்பாதைத் தகவலை அனுப்பின. 2019 ஜூலையில் கலிலியோ ஒரு வாரத்துக்குக் கிட்டத்தட்ட முடங்கியது. கவனித்தால், ஜிபிஎஸ்ஸோடு சேர்த்து மூன்றிலுமே கோளாறு தரையில். வானத்தில் உள்ள அணுக்கடிகாரங்கள் நன்றாகத்தான் ஓடின. ஆனால் மூன்றும் ஒரே நாளில் விழுந்ததில்லை. மூன்றுக்கு இரண்டு வாக்கு கேட்கும் ரிசீவருக்கு அது போதும்.

வானத்தை நம்பாத வழியும் இருந்தது. பிரிட்டன், பிரான்ஸ், நார்வே கடற்கரைகளில் இடமும் நேரமும் சொல்லும் லோரான் என்ற குறைந்த அலைவரிசை வானொலி நிலையங்கள் பல ஆண்டுகள் ஓடின. கோளாறுக்கு ஒரு மாதம்கூட முன்பில்லாத 2015 டிசம்பர் 31இல் பிரான்ஸும் நார்வேயும் தங்கள் நிலையங்களை மூடிவிட்டன. இங்கிலாந்தின் ஆந்தோர்ன் நிலையம் மட்டும் தனியே மிஞ்சியது. இடம் கண்டுபிடிக்க ஒரு நிலையம் போதாது, நேரத்துக்குப் போதும்.

அதன் பிறகு

மென்பொருளைத் திருத்தும் வரை இதே நிலை மறுபடி வராதபடி, இயக்குபவர்களின் செயல்முறையை மாற்றியதாக விமானப்படை சொன்னது. 2020 பிப்ரவரியில் இடம், வழி, நேரச் சேவைகளைப் பொறுப்போடு பயன்படுத்துவது பற்றி அமெரிக்க அதிபரின் ஆணை ஒன்று வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2019 ஏப்ரல் 6இல் ஜிபிஎஸ்ஸின் பத்து பிட் வார எண் நிரம்பித் திரும்பவும் பூஜ்யத்துக்குப் போனபோது நியூயார்க் நகராட்சியின் கம்பியில்லா நெட்வொர்க் படுத்துக்கொண்டது. அந்தத் தேதி இருபது ஆண்டுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்தது என்பதை நினைத்தால், வெறும் ஆணையால் எவ்வளவு மாறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடைமுறையில் பயன்பட்ட மாற்றம் ஆய்வகத்தில்தான். ஜிபிஎஸ் சிமுலேட்டரில் செயற்கைக்கோள் சேதியை நம் இஷ்டத்துக்கு எழுதலாம். ரிசீவர் வாங்குமுன் பாதி செயற்கைக்கோள்களில் ஏ0ஐ -13.7 மைக்ரோ விநாடி என்று வைத்து, மீதியை ஒழுங்காக விட்டு, ஒரு மணி நேரம் ஓடவிட்டால் போதும். நல்ல கருவி அந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பழைய எண்ணோடு தொடர்ந்து, பதிவேட்டில் ஒரு வரி எழுதும். சுமாரான கருவி துடிப்பை நிறுத்திவிட்டு அலாரம் போடும், அதையும் ஏற்றுக்கொள்ளலாம். அசையாமல் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே துடிப்பைத் தள்ளும் கருவிகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. விலையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.